கீழ்முதுகு அறுவை சிகிச்சைக்குப் பின் நடை
“முதுகில் கத்தி வைத்திருக்கிறது, அசையாமல் படுத்திரு” என்று வீட்டுப் பெரியவர்கள் அன்போடு தடுப்பதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். ஜவ்வு விலகலுக்கான அறுவையில், நரம்பை அழுத்தும் துணுக்கையே பெரும்பாலும் அகற்றுகிறோம். ஆகவே பலரை அன்றோ மறுநாளோ நடக்க வைக்கிறோம். படுத்தே இருந்தால் தசை தளரும். கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையவும் கூடும்.

எழும்போது இடுப்பை முறுக்காமல் உடல் முழுவதையும் ஒருசேரப் பக்கவாட்டில் திருப்பி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, கையை ஊன்றி எழ வேண்டும். முதலில் சில நிமிட நடை, நாளில் பலமுறை போதும். குடமோ பேரக்குழந்தையோ, குனிந்து தூக்குவது சில வாரங்களுக்கு வேண்டாம். தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி, இயன்முறை மருத்துவர் மேற்பார்வையில் பொதுவாக 4 முதல் 6 வாரங்களில் தொடங்கும். எலும்பு இணைப்புச் செய்துகொண்டோருக்கு இது மாறும்.

சிறுநீர் அடைபட்டாலோ, மறைவிடம் மரத்தாலோ, கால் வலுவிழந்தாலோ விடியும்வரை காத்திராமல் வந்துவிட வேண்டும்.