உறையும் கணினியும் ஊதியச் சான்றும்

தோஹா தொழில்பேட்டையில் வாழும் எம்மவர் அறைகளில், பலருக்கும் பொதுவாய் ஒரு கணினி இருப்பதுண்டு. ஒப்பந்தம், கடவுச்சீட்டு, சம்பளச் சிட்டை யாவற்றின் பிரதியும் அதனுள்ளேயே. ஊதியத்தை வங்கி வழியே வழங்குமாறு 2015இல் கட்டார் அரசு பணித்த பின்னரும், நிலுவை கேட்டு முறையிடுவோர்க்கு இப்பிரதிகளே துணை. அக்கோப்புறையைத் திறந்ததும் திரை உறைந்துவிட்டால்?

கணினி பழுதென்றெண்ணி, யாவற்றையும் அழித்துப் புதிதாய் நிறுவச் சம்மதித்துவிடாதீர்கள். விண்டோஸின் கோப்பு மேலாளரான எக்ஸ்புளோரர், பிற மென்பொருட்கள் சேர்க்கும் நீட்டிப்புகளைத் தன்னுள்ளேயே ஏற்றி இயக்குகிறது. வலச்சொடுக்கில் தோன்றும் மேலதிகக் கட்டளைகள் பலவும் அவற்றின் வேலையே. அவற்றுள் ஒன்று தடுமாறினும் முழுவதும் நின்றுவிடக்கூடும்.

முதலில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளை ஒருங்கே அழுத்திப் பணி மேலாளரைத் திறந்து, அதன்வழி கட்டளைச் சாளரத்தை அழையுங்கள். அங்கிருந்து கோப்புகளைப் பென்டிரைவுக்குப் பிரதி செய்யலாம். பின்னர், இலவசமாய்க் கிடைக்கும் ஷெல்எக்ஸ்வியூ கொண்டு, மைக்ரோசொப்ட் அல்லாத நீட்டிப்புகளில் பாதியை முடக்கி, எக்ஸ்புளோரரை மீளத் தொடக்குங்கள். உறைதல் நின்றால் குற்றவாளி அப்பாதியில், நிற்காவிடின் மறுபாதியில். இவ்வாறே பாதி பாதியாகக் குறைத்துச் சென்றால், 32 இருப்பினும் 5 சுற்றில் அகப்படும். அதனை மட்டும் நீக்குங்கள்.

பிரதியொன்றை ஊரிலுள்ள வீட்டாரிடமும் கொடுத்து வையுங்கள்.