மாதவிலக்கும் வலிப்பும்

1934இல் புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோனைத் தூய வடிவில் பிரித்தெடுத்தவர்களில் ஒருவர் ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் பூட்டநான்ட். பாலின ஹார்மோன் ஆய்வுகளுக்காக 1939இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டும், நாஜி அரசின் தடையால் அவரால் அப்போது அதைப் பெற முடியவில்லை.

அந்த ஹார்மோன் இன்று வலிப்பு மருத்துவத்திலும் பேசப்படுகிறது. வலிப்பு நோயுள்ள சில பெண்களுக்கு மாதவிலக்கையொட்டிய நாட்களில் வலிப்பு கூடுகிறது. புரோஜெஸ்டிரோன் உடலில் அலோபிரெக்னனோலோன் என்ற பொருளாக மாறி மூளை நரம்புகளின் கொந்தளிப்பை அடக்குகிறது. மற்றொரு பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் அதைத் தூண்டிவிடுகிறது. விலக்குக்கு முன் புரோஜெஸ்டிரோன் மளமளவென இறங்கும்போது அந்தக் காவல் போய்விடுகிறது.

புரோஜெஸ்டிரோனையே மருந்தாகக் கொடுத்தால்?

அமெரிக்காவில் 294 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2012இல் வெளியானது. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் பலன் தெரியவில்லை. ஆனால் விலக்கையொட்டி வலிப்பு மூன்று மடங்கோ அதற்கு மேலோ கூடியவர்களுக்குப் பலன் இருக்கலாம் என்று தெரிந்தது. இதைத் தோல்வி என்று ஒதுக்குவது தவறு. யாருக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று வழிகாட்டிய ஆய்வு இது.

வலிப்பு வந்த நாளையும் விலக்கு தொடங்கிய நாளையும் வீட்டுக் காலண்டரில் சில மாதங்கள் குறித்துவைத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். லாமோட்ரிஜின் என்ற வலிப்பு மருந்தைச் சாப்பிடுபவர்கள் கருத்தடை மாத்திரை எடுப்பதையும் சொல்லிவிடுங்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை லாமோட்ரிஜின் அளவைக் குறைத்துவிடும். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.