நாவின் முடிச்சும் தாயின் நெஞ்சும்



மூன்று வயதுப் பிள்ளை உங்கள் முந்தானையைப் பற்றிக்கொண்டு, "உ... உ... உம்மா" என்று அழைக்கின்றது. சென்ற வாரம்வரை ஓயாமல் பேசிய பிள்ளைதான். இன்றோ சொல் தொண்டையிலேயே நின்றுவிட, கண்களை இறுக மூடித் தவிக்கின்றது. அச்சொல்லை நாமே சொல்லி முடித்துவிடலாமா, அல்லது பேசாமல் காத்திருப்பதா என்று அறியாமல் நீங்கள் திகைத்து நிற்கின்றீர்கள்.

அன்று முதல் வீட்டில் விசாரணை தொடங்கிவிடும். "நாவில் வசம்பைத் தேய்த்தாயா?" என்பார் மாமியார். "வாயில் கூழாங்கல்லைப் போட்டுப் பேசச் சொல்" என்பார் அண்டை வீட்டார். திக்கிப் பேசும் சிறுவனுடன் விளையாடவிட்டதால் தொற்றிக்கொண்டது என்பார் வேறொருவர். யாவும் அன்பினால் சொல்லப்படுபவையே. ஆயினும் ஒவ்வொன்றின் அடியிலும், "நீ என்ன தவறு செய்தாய்?" என்னும் வினா ஒளிந்திருக்கின்றது. பிறர் கேளாவிடினும் தாயே தன்னைக் கேட்டுக்கொள்கின்றாள். அன்று அதட்டினேனே, அதனாலா? இளையவள் பிறந்த பின் இவனைக் கவனிக்கவில்லையே, அதனாலா? தந்தை வளைகுடா நாட்டில் இருந்தால் துயரம் இரட்டிப்பாகும். தொலைபேசி ஒலித்ததும் பிள்ளை கதவுக்குப் பின்னே ஒளிந்துகொள்வான். "வாப்பாவிடம் பேச மாட்டானாமா?" என்னும் கேள்விக்கும் அவளே விடை சொல்ல வேண்டும்.

இவ்வாறு பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது ஊரார் மட்டுமன்று. கற்றோரும் அதனைச் செய்தார்கள். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வெண்டல் ஜான்சன், தாமே திக்கிப் பேசியவர். திக்குவாய் குழந்தையின் வாயில் அன்று, பெற்றோரின் காதில்தான் தொடங்குகின்றது என்பது அவருடைய கொள்கை. இயல்பான தடுமாற்றத்தைப் பெற்றோர் குறையென்று சொல்லிச் சொல்லியே நோயாக்கி விடுகின்றனராம்! அதனைச் சோதிக்க 1939-ல், அவருடைய மேற்பார்வையில் மேரி டியூடர் என்னும் மாணவி, அநாதை இல்லக் குழந்தைகள் 22 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தினார். நன்றாகப் பேசிய சில குழந்தைகளிடமும் "நீ திக்குகின்றாய்" என்று கூறப்பட்டது. அவர்கள் பேசவே கூசி ஒடுங்கினர். எனினும் கொள்கை மெய்ப்பிக்கப்படவில்லை. 2001-ல் இச்செய்தி நாளேட்டில் வெளிவந்த பிறகே பல்கலைக்கழகம் மன்னிப்புக் கோரியது. அக்கொள்கையால் மனம் நொந்த தாய்மாரிடம் மன்னிப்புக் கேட்டவர் யார்?

இன்றைய அறிவு வேறு சொல்கின்றது. பேச்சை இயக்கும் மூளைப் பகுதிகளின் வளர்ச்சியோடும் பரம்பரையோடும் தொடர்புடையது திக்குவாய். பாகிஸ்தானியக் குடும்பங்களை ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானிகள், இதனோடு தொடர்புள்ள மரபணு மாற்றங்களை 2010-ல் வெளியிட்டனர். ஓர் அதட்டலோ, தம்பி தங்கை பிறப்பதோ இதனை உண்டாக்குவதில்லை. நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து குழந்தைகள், பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வயதுக்குள், இதற்கு ஆளாகின்றனர். அவர்களுள் நான்கில் மூவருக்கு நாளடைவில் நீங்கிவிடுகின்றது.

இந்தக் கணக்கு ஆறுதலும் ஆகும், வேதனையும் ஆகும். தன் பிள்ளை அந்த மூவருள் ஒருவனா, எஞ்சிய ஒருவனா என்று எந்தத் தாய்க்கும் முன்கூட்டித் தெரியாது. பத்து நாட்கள் தெளிவாகப் பேசுவான். தொழுகை விரிப்பில் அமர்ந்து நன்றி செலுத்துவாள். பதினோராம் நாள் மீண்டும் தொடங்கிவிடும். "தானாகச் சரியாகிவிடும்" என்று எளிதாகச் சொல்பவர்கள் அந்தப் பதினோராம் நாளைக் கண்டதில்லை. ஆறு மாதங்கள் கடந்தும் நீடித்தால், பேச்சுப் பயிற்சி வல்லுநரிடம் காட்டுங்கள். குடும்பத்தில் வேறெவருக்கேனும் திக்குவாய் நீடித்திருந்தாலோ, பிள்ளை முகத்தைச் சுளித்துப் போராடினாலோ, பேசவே அஞ்சினாலோ அதுவரையும் காத்திருக்க வேண்டாம். மைசூரில் இதற்கென்றே அகில இந்தியப் பேச்சு, கேட்பியல் நிறுவனம் இருக்கின்றது. சிட்னியில் உருவான லிட்கோம் முறையில், வல்லுநரின் வழிகாட்டலோடு பெற்றோரே அன்றாடம் சிறிது நேரம் வீட்டில் பயிற்சி அளிக்கின்றனர். குற்றம் சாட்டப்பட்ட தாயே அங்கு மருத்துவருக்குத் துணையாகின்றாள்!

வீட்டில் "மெதுவாகப் பேசு" என்று பிள்ளைக்குக் கட்டளையிடாதீர்கள். நீங்கள் மெதுவாகப் பேசுங்கள். சொல்லை அவனே முடிக்கட்டும்.

மதரஸாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லோருடனும் சேர்ந்து ஓதும்போது திக்காதவன், தனியே ஓதச் சொன்னால் அப்படியே நின்றுவிடுவான். "நடிக்கின்றான்" என்று பிரம்பை எடுத்தவர்களும் உண்டு. நடிப்பன்று அது, சேர்ந்து ஓதுகையில் நா தளர்வது திக்குவாயின் இயல்பே. தடுமாறிச் சிரமப்பட்டு ஓதுபவருக்கு இரட்டைக் கூலி உண்டு என்னும் நபிமொழியை உஸ்தாதுமார்கள் அறியாதவர்களல்லர். நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு மூஸா (அலை) அவர்கள் வேண்டிய துஆவைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கின்றோம். அவர்கள் தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களையும் துணைக்குக் கேட்டார்கள் என்பதையோ மறந்துவிடுகின்றோம். ஆகவே பிள்ளையைச் சேர்க்கும் முதல் நாளிலேயே உஸ்தாதிடம் விவரத்தைச் சொல்லிவிடுங்கள். சில மாதங்களுக்கு இன்னொரு பிள்ளையுடன் இணைந்தே பாடம் ஒப்பிக்க இவனை அனுமதிக்கும்படி கேளுங்கள்.