ஆன்லைன் ஏலத்தில் கருவி வாங்கப் போகிறீர்களா?

ஈபே தளத்தில், தோட்டாக்களை மறுபடி நிரப்பும் கைப்பிரஸ் ஒன்று மலிவாக ஏலத்திற்கு வந்திருக்கிறது, கேட்கலாமா என்று செம்மேட்டு நண்பர் ஒருவர் என்னிடம் விசாரித்தார். அண்மையில்தான் கம்ப்யூட்டர் வாங்கியவர். காட்டுப்பன்றித் தொல்லைக்காக உரிமத்துடன் துப்பாக்கி வைத்திருப்பவர். அமெரிக்காவில் இத்தகைய கருவிகள் கடைகளிலேயே சாதாரணமாகக் கிடைக்கின்றன. இங்கே அப்படி இல்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், தோட்டா வகைகளுக்குத் தரும் விளக்கத்திலேயே அவற்றைத் தயாரிக்கும் இயந்திரங்களையும் சேர்த்துவிட்டது. தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவும் தனி உரிமம் வேண்டும். கையில் உள்ள துப்பாக்கி உரிமம் இதற்குச் செல்லாது. தளம் உங்கள் பணத்தை ஏற்றுக்கொள்கிறது என்பதால் பொருள் இங்கே சட்டப்படி சரியானது என்று எண்ண வேண்டாம். ஆகவே அந்தப் பக்கத்தை மூடிவிடச் சொன்னேன்.

ஆனால் ஏலத்தில் கருவி வாங்கும் ஆசை தவறில்லை. பாஸி டாட் காம் தளத்தை 2004ல் ஈபே வாங்கியபோது பலருக்கும் இந்தப் பழக்கம் வந்தது. ஈபேயின் இந்தியத் தளம் 2018ல் மூடப்பட்டது. இன்று நம் ஊரில் பழைய ஜெனரேட்டர், மோட்டார், இரும்புச் சாமான் போன்றவை பெரிய அளவில் ஏலத்திற்கு வரும் இடம், மத்திய அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி.யின் தளம். 1964ல் தொடங்கிய நிறுவனம்; தலைமையிடம் கொல்கத்தா. மின்சாரம் அடிக்கடி போகும் கொல்லிமலையில், மிளகு உதிர்க்கும் மெஷினுக்காகப் பழைய ஜெனரேட்டர் தேடுபவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

அவர் முதலில் செய்ய வேண்டியது ஏலத்தில் நுழைவது அல்ல. பேப்பரும் பேனாவும் எடுப்பது. கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். நல்ல நிலையில் ஓடும் அதே மாதிரி பழைய ஜெனரேட்டர் சேலத்திலோ நாமக்கல்லிலோ என்ன விலை? கணக்கிற்காக 80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். இதில் ரிப்பேருக்கு 12,000, லாரி வாடகை 8,000, ஏற்றி இறக்க 3,000, முன்கூட்டியே போய்ப் பார்த்து வர 2,000 கழிக்கவும். மீதி 55,000. ஏலத் தொகையின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனியாக வரும். எனவே 55,000ஐ 1.18ஆல் வகுத்தால் ஏறத்தாழ 46,600. இதுதான் உங்கள் உச்ச விலை. 55,000 வரை போகலாம் என்று நினைத்து உட்காருபவர், வரியிலேயே 9,900 ரூபாய் அதிகம் கட்டுவார். லாரி வாடகையைச் சமவெளிக் கணக்கில் போட வேண்டாம். காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். வண்டிக்காரர் அதைச் சேர்த்துத்தான் கேட்பார்.

அடுத்து நிபந்தனைகளைப் படிக்கவும். நீளமான பி.டி.எப். பைல்தான், ஆனாலும் பிரிண்ட் எடுத்துப் படிக்கவும். விலை மொத்த லாட்டுக்கா, ஒரு எண்ணிக்கைக்கா, டன்னுக்கா என்று பார்க்கவும். புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். டன் கணக்கில் விலை கேட்கும் லாட்டில் மொத்த விலையை டைப் செய்து என்டர் தட்டினால் திரும்பப் பெறும் வழி கிடையாது. "உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்திலேயே" என்ற வரி அநேகமாக எல்லா ஏலத்திலும் இருக்கும். ஓடவில்லை என்று பின்னர் புகார் செய்ய முடியாது என்பது அதன் பொருள். போட்டோவில் பெயின்ட் தெரியும், தேய்மானம் தெரியாது. பார்வையிடும் நாளில் மெக்கானிக் ஒருவரையும் அழைத்துச் செல்லவும். பழைய கம்ப்யூட்டர், பிரிண்டர் லாட்டுகள் மின்கழிவாக வரும்போது, பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்கள் மட்டுமே கேட்க முடியும். அரசு ஜீப் கிடைக்குமா என்று மலையில் பலர் கேட்கிறார்கள். 15 ஆண்டு முடிந்த அரசு வண்டிகளின் பதிவை 2023 ஏப்ரல் முதல் புதுப்பிப்பதில்லை; அவை உடைக்கப் போகின்றன. ஓட்ட நினைப்பவருக்குப் பயனில்லை.

இனி ஏலம் கேட்கும் முறை. ஈபேயில் உங்கள் உச்ச விலையைத் தந்துவிட்டால், தளமே உங்களுக்காகக் கேட்கும். நீங்கள் 100 டாலர் தந்து, அடுத்தவரின் உச்சம் 60 டாலர் என்றால், உங்களுக்கு 61 டாலரில் முடியும். குறித்த நொடியில் ஏலம் முடிந்துவிடும் என்பதால், கடைசி சில நொடிகளில் விலை தருபவர்கள் அங்கே அதிகம். எம்.எஸ்.டி.சி.யில் இந்தத் தந்திரம் செல்லாது. முடியும் தறுவாயில் யாராவது விலை ஏற்றினால், நேரம் தானாகவே சில நிமிடம் நீளும். மறுபடி ஏற்றினால் மறுபடி நீளும். பாதகம் எங்கே என்றால், இந்த நீட்சியில்தான் பலர் "இன்னும் ஐந்நூறு ரூபாய்தானே" என்று ஏறிக்கொண்டே போவார்கள். பேப்பரில் எழுதிய எண்ணை மானிட்டரின் ஓரத்தில் ஒட்டிவைப்பது என் வழக்கம். சிரிப்பாக இருக்கலாம், வேலை செய்கிறது.

இதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரே இருக்கிறது: வின்னர்ஸ் கர்ஸ், வென்றவனுக்கு வரும் சாபம். எண்ணெய் வயல்களுக்கு ஏலம் கேட்ட அமெரிக்க நிறுவனங்கள் எதிர்பார்த்த லாபம் பெறவில்லை என்பதைக் கவனித்த மூன்று பொறியாளர்கள், 1971ல் இதைக் கட்டுரையாக எழுதினார்கள். பத்துப் பேர் மதிப்புப் போட்டால், மிக அதிகமாகத் தவறிய மதிப்புக்காரரே வெல்வார். பெரிய கம்பெனிகளுக்கே இந்தக் கதி.

வென்ற பிறகும் சற்றுப் பொறுக்கவும். பல லாட்டுகளில் அதிகம் கேட்டவருக்கு உடனே பொருள் கிடைக்காது. விற்பவரின் ஒப்புதல் வர வேண்டும். வந்ததும் மீதித் தொகையைக் கட்ட நாள் குறிப்பார்கள்; சரக்கை எடுக்கவும் நாள் குறிப்பார்கள். தவறினால் முன்பணம் போய்விடும். முன்பணத்தைத் தளத்தில் காட்டிய கணக்கிற்கு மட்டும் செலுத்தவும். போனில் அழைத்து, "லாட் உங்களுக்கே முடித்துத் தருகிறேன்" என்று சொந்த நம்பருக்குப் பணம் கேட்பவர் ஏமாற்றுக்காரர். தளத்தின் முகவரியை எஸ்.எம்.எஸ். லிங்க்கில் கிளிக் செய்திடாமல், நீங்களே பிரவுசரில் டைப் செய்திடவும். லாரிக்காரரிடம், எடுக்க வேண்டிய கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னதான தேதியைச் சொல்லவும். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மரம் விழுந்தால், விற்பவர் அதற்காகக் காத்திருக்க மாட்டார்.