யூவி லைட் மாட்டினா காத்து சுத்தமாயிடுமா?

"ஏசி டக்ட்டுக்குள்ள யூவி-சி லைட் மாட்டுங்க, கிருமியெல்லாம் காலி!" விளம்பரம் பாத்திருப்பீங்க. பாதிதான் உண்மை.

254 நானோமீட்டர் ஒளி கிருமியின் மரபணுவைச் சிதைக்கும். அப்புறம் அதால் பெருக முடியாது. ஆனா அதுக்கு டோஸ் வேணும். டோஸ்னா ஒளியின் செறிவு × நேரம். டக்ட்டில் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடும் காற்று, அரை மீட்டர் வெளிச்சத்தைக் கால் நொடியில் தாண்டிடும். சின்ன விளக்குக்கு அந்த நேரம் பத்தாது.

அதே லைட்டை ஈரமான கூலிங் காயில் பக்கம் திருப்புங்க. காயில் எங்கேயும் ஓடாது. மணிக்கணக்கா டோஸ் வாங்கும், பூஞ்சை குறையும்.

தூசி, புகைக்கு ஃபில்டர்தான். 185 நானோமீட்டரும் வெளிவிடும் விளக்கு ஓசோனை உண்டாக்கும். வீட்டில் ஆஸ்துமா இருக்கிறவங்களுக்கு அதுவே தொந்தரவு. அதனால வாங்கும் முன் கேளுங்க: "எத்தனை நானோமீட்டர்?"