உஷார்! கழுத்தில் ஊர்வதைப் பட்டென்று அடிக்காதீர்கள்

மழை விட்ட ராத்திரி. ட்யூப் லைட்டைச் சுற்றி ஈசல் பறக்கிறது. கழுத்தில் ஏதோ குறுகுறு என்று ஊர, பட்டென்று ஓர் அடி அடித்துத் துடைத்துவிட்டுப் படுத்துவிடுகிறோம். மறுநாள் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதற்கடுத்த நாள்தான் சாட்டையால் இழுத்த மாதிரி ஒரு சிவப்புக் கோடு, தாங்க முடியாத எரிச்சல், அதன்மேல் நீர்க்கொப்புளம். பார்த்தவுடனே வீட்டுப் பெரியவர்கள் தீர்ப்பு சொல்லிவிடுவார்கள்: "அக்கிடா இது. வேளார் வீட்டுக்குப் போய் எழுதிட்டு வா."

அக்கி இல்லை. அடித்தீர்களே, அந்தப் பூச்சி!

ஊரில் இதற்கு ஆசிட் பூச்சி என்று பெயர். வண்டு இனம்தான், ஆனால் பார்த்தால் நீளமான எறும்பு போல இருக்கும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகாது. தலை கறுப்பு, நெஞ்சு ஆரஞ்சு, நடுவில் குட்டைச் சட்டை போட்ட மாதிரி நீலப்பச்சைப் பளபளப்பு, வயிறு மறுபடி ஆரஞ்சு, வால் நுனி கறுப்பு. சீண்டினால் தேள் மாதிரி வாலைத் தூக்கும். பயப்படாதீர்கள், அதற்குக் கொட்டவும் தெரியாது, கடித்துப் புண்ணாக்கவும் தெரியாது. விஷம் அதன் உடல் நீரில் இருக்கிறது. பெயர் பெடரின். நாம் நசுக்கினால்தான் அது நம் தோலில் படும். முழங்கை மடிப்பில் நசுங்கினால், கையை மடிக்கும்போது எதிர்ப்பக்கத்திலும் அச்சு விழுந்தது போல இன்னொரு புண் வரும். அதே விரலால் கண்ணைக் கசக்கினால் இமை வீங்கிவிடும்.

2022 ஜூலையில் சிக்கிமில் ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் ஏறத்தாழ நூறு மாணவர்களுக்கு இப்படிப் புண் வந்தது. 'நைரோபி ஈ' வந்துவிட்டது என்று நாடே அலறியது. அதுவும் இந்த ஆசிட் பூச்சி இனம்தான்; ஈயும் இல்லை, நைரோபியிலிருந்து விமானம் ஏறியும் வரவில்லை. இதன் உறவுக்காரர்கள் நம் வயல்களிலேயே இருக்கிறார்கள். நெல்லைத் தாக்கும் தத்துப்பூச்சியைத் தின்று விவசாயிக்கு உதவுகிறவர்கள்தான். விளக்கு வெளிச்சத்துக்கு மயங்கி வீட்டுக்குள் வரும்போதுதான் வினை.

மேலே ஊர்ந்தால் ஊதித் தள்ளுங்கள், அல்லது ஒரு காகிதத்தில் ஏற்றி வெளியே விடுங்கள். நசுங்கிவிட்டதா? உடனே சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் தண்ணீரால் அலசிவிட்டுக் கண் மருத்துவரிடம் ஓடுங்கள். அக்கி எழுதுகிறேன் என்று உடைந்த கொப்புளத்தின் மேல் காவி மண்ணைப் பூசினால் சீழ் பிடிக்க வழி செய்கிறீர்கள். சரி, நிஜமாகவே அக்கிதான் என்றாலும், அதற்கான மாத்திரையை முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். இரண்டில் எதுவானாலும் தோல் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

அந்த ஈசலையும் கொஞ்சம் பாருங்கள். பெருக்கித் தள்ளும் முன் ஒன்றை எடுத்து உற்றுப் பார்த்தால் போதும். நான்கு இறக்கையும் ஒரே நீளமாக, இடுப்பே இல்லாமல் இருந்தால் கரையான் இனம். இடுப்பு ஒடுங்கி, மீசை வளைந்து, முன் இறக்கை பெரிதாக இருந்தால் வெறும் எறும்பு. விளக்கைத் தேடி வெளியிலிருந்து வந்த ஈசல் என்றால் கவலை இல்லை. நிலைக்கதவு இடுக்கிலிருந்தோ சுவர் விரிசலிலிருந்தோ புறப்பட்டு வந்தால், வீட்டுக்குள்ளேயே கரையான் குடியிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது மூட்டைப்பூச்சி. இதில் ஆள் மாறாட்டம் உயிருக்கே உலை வைக்கும். ஆப்பிள் விதை அளவில், சப்பையாக, இறக்கை இல்லாமல், மெத்தைத் தையலில் கரும்புள்ளிகளோடு இருந்தால் மூட்டைப்பூச்சி. முதுகில் இரண்டு கருங்கோட்டோடு விறுவிறுவென்று ஓடினால் கரப்பான். கரப்பானுக்கு வைக்கும் ஜெல்லை மூட்டைப்பூச்சி சீந்தாது, அதற்கு ரத்தம் மட்டும்தான் சாப்பாடு. 'எந்த மருந்துக்கும் சாகலையே' என்று சலித்துப்போய், நெல் கிடங்கில் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைக் கட்டிலுக்கடியில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஐயோ, வேண்டாம்! காற்றின் ஈரம் பட்டாலே அதிலிருந்து பாஸ்பீன் வாயு கிளம்பும். அதற்கு மாற்று மருந்தே கிடையாது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டில் எலிக்கு வைத்த மருந்தின் நெடிக்கு இரண்டு குழந்தைகள் பலியானதை மறந்துவிட்டோமா?

கொதிக்கக் கொதிக்க வெந்நீர் பட்டாலே மூட்டைப்பூச்சி சாகும். துணி, போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் அதில் ஊறப்போடுங்கள். கட்டில் இடுக்கில் ஊற்றுங்கள்.

மருந்து வைத்த வீட்டில் இரண்டு மூன்று பேருக்குச் சேர்ந்தாற்போல வாந்தியும் மூச்சுத்திணறலும் வந்தால், 'ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கலை' என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். எல்லாரையும் திறந்த வெளிக்கு இழுத்து வந்துவிட்டு, உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். என்ன மருந்து வைத்தோம் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.