கேட்பதற்கென்று ஒரு பெட்டி – 11: 580 வோல்ட்டும் 6 மில்லி ஆம்பியரும்

எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போனின் பிளக்கில் ஐந்து முனைகள் இருக்கும். இடது காதுக்கு இரண்டு, வலது காதுக்கு இரண்டு. மீதமுள்ள ஒன்றில் இசை எதுவும் வராது; 580 வோல்ட் டி.சி. மட்டும் அசையாமல் நிற்கும். ஜப்பானின் ஸ்டாக்ஸ் நிறுவனம் ‘புரோ’ வகை என்று விற்கும் மாடல்களுக்கெல்லாம் இதுதான் கணக்கு. ஆகவே இந்த ஹெட்போனை வாங்கி வந்தவர் அன்றிரவே கைபேசியில் செருகிப் பாட்டுக் கேட்க முடியாது. இதற்கென்றே செய்த ஆம்ப் ஒன்று வேண்டும். நல்ல ஆம்பின் விலை சில சமயம் ஹெட்போனின் விலையையே தாண்டிவிடும். நாமே செய்துகொண்டால் என்ன, அதையும் மேசை மூலையில் அடங்கும்படி செய்தால் என்ன என்ற ஆசை அங்கேதான் பிறக்கிறது. நியாயமான ஆசை. ஆனால் எதைச் சுருக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும். இந்த வாரம் முழுக்க அதுதான் பேச்சு.

முதலில் ஹெட்போனுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். காந்தம் கிடையாது, சுருள் கிடையாது. சல்லடைபோலத் துளையிட்ட இரண்டு தட்டுகள். அவற்றுக்கு நடுவே இழுத்துக் கட்டிய பிளாஸ்டிக் சவ்வு. அதன் கனம் ஒன்று முதல் இரண்டு மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் கனம் ஐம்பது மைக்ரானுக்கு மேல் என்பதை நினைத்துக்கொண்டால் இதன் மென்மை புரியும். சவ்வுக்கும் தட்டுக்கும் இடையே அரை மில்லிமீட்டர் அளவே இடைவெளி. அந்த 580 வோல்ட் சவ்வின் மீது மின்னூட்டமாகத் தங்கியிருக்கும். இசைச் சமிக்ஞை தட்டுகளுக்குப் போகும்: ஒரு தட்டு பாசிட்டிவ் பக்கம் ஏறும்போது மற்றது அதே அளவு நெகட்டிவ் பக்கம் இறங்கும். ஒன்று இழுக்க, மற்றது தள்ள, சவ்வு முழுப்பரப்பிலும் ஒரே சீராக அசைகிறது. வழக்கமான ஹெட்போனில் சுருள் ஒட்டியிருக்கும் இடத்தில்தான் விசை பிறக்கும். மற்ற பகுதி அதைப் பின்தொடர வேண்டும். இங்கே அந்தத் தாமதம் இல்லை. வீணையின் தந்தி மீட்டி அடங்கும்வரை அதன் கார்வையை இப்படிப் பிரித்துக் கேட்கவைக்கும் வேறொரு கருவியை நான் அறிந்ததில்லை.

ஸ்டாக்ஸின் முதல் எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போன் எஸ்ஆர்-1. அது 1960-ல் விற்பனைக்கு வந்தது. இதே தத்துவத்தில் இங்கிலாந்தில் குவாட் நிறுவனம் 1957-லேயே ஒலிபெருக்கி கொண்டுவந்திருந்தது. ஜெர்மனியின் சென்ஹைசர் 1991-ல் ஆர்ஃபியஸ் என்ற ஹெட்போனையும் அதற்கான வால்வு ஆம்பையும் சேர்த்து 300 ஜோடி மட்டும் செய்தது. இந்த வரலாறு நமக்கு ஒரு காரணத்துக்காக முக்கியம். ஆரம்பத்திலிருந்தே இந்த ஹெட்போன்களும் ஆம்பும் சேர்ந்தே வளர்ந்தவை. ஒன்றின் குறை மற்றதில் அப்படியே கேட்கும்.

சொந்தமாகச் செய்கிறவர்களின் உலகில் பெரிய பெயர் அமெரிக்கரான கெவின் கில்மோர். தன் சர்க்யூட்டுகளை யாரும் எடுத்துச் செய்யலாம் என்று பொதுவில் வைத்தவர். இஎல்34 வால்வுகளை வெளியீட்டில் வைத்த அவரது ‘ப்ளூ ஹவாய்’ பின்னாளில் ஹெட்ஆம்ப் நிறுவனத்தின் விற்பனைப் பொருளாகவே ஆனது. 1700 வோல்ட் தாங்கும் சிலிக்கான் கார்பைட் டிரான்சிஸ்டர்களை வைத்து ‘கார்பன்’ என்றொரு வடிவமைப்பும் தந்தார். அபாரமான வேலைப்பாடுகள். ஆனால் கனமானவை, ப்ளூ ஹவாயில் மின்வழங்கிக்கே தனிப் பெட்டி. இன்னொரு பக்கம், சூ மோய் என்பவர் சாதாரண ஹெட்போனுக்காக வடிவமைத்த சின்ன ஆம்பை உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் மிட்டாய் டப்பாவுக்குள் அடக்கியிருக்கிறார்கள். ஒரே ஒரு 9 வோல்ட் பேட்டரியில் ஓடுவது அது. அதைச் செய்து பழகிய கை, அதே பழக்கத்தோடு இந்த வேலையைத் தொடக் கூடாது. அங்கே போர்டில் இரண்டு சால்டர் புள்ளிகள் நெருங்கினால் சத்தம் கெடும். இங்கே நெருங்கினால் பொறி பறக்கும்.

அப்படியானால் சிறியதாகச் செய்யவே முடியாதா? முடியும். அதற்கான இடம் சால்டரிங் மேசை அல்ல, காகிதம். கணக்கைப் போடுவோம்.

நல்ல ஸ்டாக்ஸ் ஹெட்போனுக்கு இரண்டு தட்டுகளுக்கும் இடையே 100 வோல்ட் கொடுத்தால் காதில் ஏறத்தாழ 100 டெசிபல் சத்தம். நெடுநேரம் கேட்கக் கூடாத அளவு அது. வீட்டில் நிதானமாகக் கேட்கும்போது 10 வோல்ட்டே போதுமானதாக இருக்கும். மீதி எல்லாம் மிருதங்கத்தின் ஓர் அடி, பித்தளை வாத்தியங்கள் ஒன்றாக எழும் ஒரு கணம் போன்றவற்றுக்கான இருப்பு. பெரிய ஆம்புகளில் பிளஸ் 400, மைனஸ் 400 வோல்ட் வழங்கல் இருக்கும். அது 114 டெசிபல் வரை போகும். வழங்கலைப் பிளஸ் மைனஸ் 200 ஆகக் குறைத்தால் 107, 108 டெசிபலில் நின்றுவிடும். ஆறு, ஏழு டெசிபல் இழப்பு. என் காதுக்கும், என் காது இன்னும் பல வருடம் நன்றாக இருக்க வேண்டும் என்ற அக்கறைக்கும், இது இழப்பே இல்லை.

அடுத்தது மின்னோட்டம். ஆம்பின் கண்ணில் இந்த ஹெட்போன் ஒரு சிறிய கெபாசிட்டர், அவ்வளவுதான். கேபிளையும் சேர்த்து 110 பைக்கோஃபாரட் அளவு. கெபாசிட்டருக்கு அதிர்வெண் ஏற ஏற அதிக மின்னோட்டம் வேண்டும். 20 கிலோஹெர்ட்ஸில், அதாவது மனிதக் காதின் எல்லையில், பிளஸ் மைனஸ் 200 வோல்ட் ஆம்ப் தன் முழு வீச்சையும் காட்ட வேண்டும் என்றாலும் 5 மில்லி ஆம்பியருக்குள் முடிந்துவிடும். எந்த இசையிலும் அந்த உச்சியில் அவ்வளவு ஆற்றல் இருப்பதில்லை. டிரான்சிஸ்டர், போர்டு இவற்றின் சொந்தக் கெபாசிட்டன்ஸுக்காக ஒன்று கூட்டி 6 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது வெப்பம். கிளாஸ் ஏ ஆம்பில் பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் இந்த மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். 400 வோல்ட் அகல வழங்கலில் 6 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு வெளியீட்டுக்கு 2.4 வாட், நான்கு வெளியீடுகளுக்கு ஏறத்தாழ 10 வாட். பெரிய ஆம்பில் 800 வோல்ட் அகலம், 10 மில்லி ஆம்பியர்: 32 வாட். பெட்டியின் அளவைத் தீர்மானிப்பது இந்த ஒரு எண்தான். 10 வாட்டை ஓர் அலுமினியப் பெட்டியின் சுவரே ஆற்றிவிடும். 32 வாட்டுக்கு தகடுகள் நீட்டிய கனத்த ஹீட்சிங்க் வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் பெரிய சர்க்யூட்டை எடுத்து, பாகங்களை நெருக்கி வைத்துச் சிறிய பெட்டிக்குள் திணிப்பதுதான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் வழி. அதை முழு மனதோடு எதிர்க்கிறேன். அங்கே சுருங்குவது பாதுகாப்பு மட்டும்தான்.

6 மில்லி ஆம்பியரில் ஓட வேண்டுமானால் அதில் துளியும் வீணாகக் கூடாது. பழைய சர்க்யூட்டுகளில் வெளியீட்டுக்கு மேலே ஒரு ரெசிஸ்டரைச் சுமையாக வைப்பார்கள். உதாரணத்துக்கு 400 வோல்ட்டில் 8 மில்லி ஆம்பியர் ஓட 50 கிலோ ஓம். வெளியீடு 200 வோல்ட் மேலே ஏறும்போது அந்த ரெசிஸ்டரே 4 மில்லி ஆம்பியரை விழுங்கிவிடுகிறது. அதே கணத்தில், 10 கிலோஹெர்ட்ஸில், ஹெட்போன் கேட்பது மூன்றுக்கும் குறைவு. கேட்கும் கருவியைவிடச் சுமை ரெசிஸ்டர் அதிகம் தின்கிறது! ரெசிஸ்டர் இருந்த இடத்தில் மாறா மின்னோட்டம் தரும் ஒரு டிரான்சிஸ்டர் அமைப்பை வைத்துவிட்டால் அத்தனையும் ஹெட்போனுக்கே போய்ச் சேரும். சிறிய ஆம்ப் சாத்தியமாவதற்கு இந்த ஒரு மாற்றம்தான் பெரும் காரணம். வழங்கல் குறைந்ததில் இன்னொரு நன்மையும் உண்டு: 600 வோல்ட் தாங்கும் சாதாரண மாஸ்ஃபெட்டுகள் போதும், கிடைக்காத பாகத்துக்காக ஊர் ஊராக விசாரிக்க வேண்டியதில்லை.

பெருக்கத்தையும் குறையுங்கள். ஸ்டாக்ஸ் தன் ஆம்புகளில் வைத்திருக்கும் பெருக்கம் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. இன்றைய டிஜிட்டல் கருவிகள் 2 வோல்ட் சமிக்ஞை தருகின்றன. நூறு மடங்கே 200 வோல்ட்டைக் கொடுத்துவிடும். சிறிய பெட்டியில் மின்வழங்கி உள்ளீட்டுக்கு அருகில்தான் உட்கார்ந்தாக வேண்டும். அங்கிருந்து பத்தில் ஒரு மில்லி வோல்ட் இரைச்சல் உள்ளே நுழைந்தால், ஆயிரம் மடங்கில் அது 40 டெசிபலாகக் காதில் விழும். இரவு நேரத்தில் தெளிவாகவே கேட்கும். நூறு மடங்கில் அது 20 டெசிபலுக்கு இறங்கி, இருந்த இடம் தெரியாமல் போகும்.

மின்வழங்கிக்கு இரண்டு வழிகள். 230-க்கு 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்கள் இரண்டை முதுகோடு முதுகாக இணைத்து, முதலாவது இறக்கியதை இரண்டாவது மீண்டும் ஏற்றும்படி செய்வது பழைய வழி. 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தை அடக்க அவற்றை உள்ளீட்டிலிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்பதால் பெட்டி பெருக்கும். இன்னொன்று, தரமான 12 வோல்ட் அடாப்டரை வெளியே வைத்து, உள்ளே ஃப்ளைபேக் கன்வர்ட்டரால் வோல்ட்டை ஏற்றுவது. வீட்டு மின்சாரம் பெட்டிக்குள்ளேயே வராது என்பதால் சிறிய ஆம்புக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். ஆனால், ‘12 வோல்ட்தானே’ என்ற நினைப்பு வந்துவிடக் கூடாது. பின்னால் செருகுவது 12. உள்ளே ஓடுவது 400. அதற்கும் மேலே ஒரு 580.

அந்த 580-ஐப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதிலிருந்து மின்னோட்டம் எடுக்கப்படுவதே இல்லை என்று சொல்லலாம். டயோடும் கெபாசிட்டரும் அடுக்கிய ஒரு மல்டிப்ளையரே அதைத் தந்துவிடும். அது பிளக்குக்குப் போகும் வழியில் 5 மெகா ஓம் ரெசிஸ்டர் வேண்டும். எங்காவது ஷார்ட் ஆனாலும் ஓடுவது 0.12 மில்லி ஆம்பியரோடு நிற்கும். இங்கே பலர் ஒற்றைக் கால் வாட் ரெசிஸ்டரைப் போடுவார்கள். வாட் கணக்கில் அது தாராளமாகப் போதும். ஆனால் கால் வாட் ரெசிஸ்டரின் உடல் பொதுவாகத் தாங்குவது 250 வோல்ட்தான். 580 அதன் மீது விழுந்தால் என்றோ ஒரு நாள் மதிப்பு மாறும், அல்லது உடலின் மேலேயே மின்சாரம் தாவும். ஐந்து 1 மெகா ஓம் ரெசிஸ்டர்களை வரிசையாக இணையுங்கள். ஒவ்வொன்றுக்கும் 116 வோல்ட்தான்.

போர்டுக்கு வருவோம். கடையில் கிடைக்கும் துளைப் போர்டில் துளைக்குத் துளை 2.54 மில்லிமீட்டர். செம்பு வளையங்களைக் கழித்தால் நடுவில் மிஞ்சுவது ஒரு மில்லிமீட்டருக்குக்கூட வராது. 400 வோல்ட் வேறுபாடு உள்ள இரண்டு தடங்களுக்கு நடுவே குறைந்தது 2.5 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும், 580-க்கு 3. நான் இன்னும் கூட்டியே விடுவேன். சால்டர் செய்தபின் ஒட்டியிருக்கும் ஃப்ளக்ஸை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் தேய்த்துக் கழுவுங்கள்; ஈரக் காற்றில் அதன் வழியாகவே மின்கசிவு தொடங்கும். மாஸ்ஃபெட்டின் முதுகுத் தகடு உள்ளே டிரெயினோடு சேர்ந்தது. காப்புத் தகடு இல்லாமல் ஹீட்சிங்கில் முடுக்கினால் ஹீட்சிங்க் முழுவதும் 200 வோல்ட்டில் நிற்கும். பார்க்க வெறும் அலுமினியத் துண்டுதான். காப்புத் தகடு வைத்து, மீட்டரில் சோதித்து, ஹீட்சிங்கைப் பெட்டியின் உடலோடு இணையுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் உள்ளே இருக்கும் பெட்டி என்றால் மூன்றாவது முனையில் எர்த் கட்டாயம்.

சுவிட்சை அணைத்த பிறகும் கெபாசிட்டருக்குள் மின்சாரம் காத்திருக்கும். 400 வோல்ட்டில் 100 மைக்ரோஃபாரட் என்றால் 8 ஜூல். 200 வோல்ட்டில் 2 ஜூல். வோல்ட்டைப் பாதியாக்கியதில் கிடைத்த இன்னொரு லாபம் இது. ஆனாலும் 2 ஜூல் கையை உதறவைக்கும். ஒவ்வொரு கெபாசிட்டருக்கும் குறுக்கே 220 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்று நிரந்தரமாக இருக்கட்டும். ஒரு நிமிடத்தில் 20 வோல்ட்டுக்குக் கீழே இறக்கிவிடும். இறங்கிவிட்டது என்று நினைத்துக் கை வைக்காதீர்கள். மீட்டர் சொன்ன பிறகு வையுங்கள். ஓடும் போர்டில் அளக்கும்போது கருப்பு முனையைக் கிளிப்பில் மாட்டிவிட்டு ஒரே கையால் அளங்கள், மறுகை மேசைக்குக் கீழே இருக்கட்டும். தனியாக வீட்டில் இருக்கும்போது இந்த வேலையைச் செய்ய வேண்டாம். மின்னணு வேலையில் இதுவே உங்கள் முதல் முயற்சி என்றால், உயர்வோல்ட் அனுபவம் உள்ள ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்து சுவிட்சைப் போடும்போது ஹெட்போன் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. முதலில் வழங்கல் வோல்ட்டுகள். பிறகு ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தரைக்கும் இடையே உள்ள வோல்ட்டை அளந்து, டிரிம்பாட்டைத் திருப்பிச் சுழிக்கு அருகே கொண்டுவர வேண்டும். உடனே மூடிவிடாதீர்கள், பெட்டி சூடேற இந்த எண் நகரும். அரை மணி நேரம் ஓடவிட்டு மீண்டும் சரிசெய்யுங்கள். கடைசியாக பிளக்கின் ஐந்தாவது முனை. அங்கே மீட்டரை வைத்தால் 580 காட்டாது. 387 அளவில் காட்டும். பதற வேண்டாம். சாதாரண மல்டிமீட்டரின் உள்தடை 10 மெகா ஓம். முன்னால் நாம் வைத்த 5 மெகா ஓமோடு அது வோல்ட்டைப் பங்குபோட்டுக்கொள்கிறது. ‘குறைகிறதே’ என்று வோல்ட்டை ஏற்றிவிட்டால் சவ்வின் மீது உண்மையில் 850-க்கும் மேல் ஏறிவிடும். சவ்வு தட்டில் போய் ஒட்டிக்கொள்ளும், பொறி பட்டுத் துளையும் விழலாம். 387 என்று காட்டினால் உள்ளே இருப்பது சரியாக 580. இப்போது ஹெட்போனைச் செருகலாம். ஒலியளவைச் சுழியிலிருந்து தொடங்குங்கள்.

ஏற்கெனவே நல்ல ஸ்பீக்கர் ஆம்ப் வைத்திருப்பவர்கள் இத்தனையும் செய்ய வேண்டியதில்லை; ஸ்டாக்ஸே அந்தக் காலத்தில் விற்ற டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் வழி ஒன்று இருக்கிறது. அது அடுத்த வாரம்.